முக்காட்டுக்குள் நிறம் பார்ப்போர்

மருதானையில் ஒரு சலூன். பெயர் வேண்டாம். 2017ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை காலை அங்கே கழுத்தில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனது வெள்ளை மயிரைக் கறுப்பாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கதிரையில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி. அவரது நல்ல கறுப்பு மயிரை வெளுக்கவைத்துப் பொன்னிறமாக்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அல்லாஹ் தந்ததில் இருவருக்குமே திருப்தியில்லை.

ஆசிரியர் கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்து வெளியேறிய ஒரு கிராமத்துப் பாடசாலை ஆசிரியனுக்கு மருதானைச் சலூனில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்தக் கதையைச் சொல்லிவிட்டே சண்டைக்கு வருகிறேன்.

என் தங்கைக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அவளும் ஆசிரியைதான். எங்கள் உம்மாவுக்கும் உம்மும்மாவுக்கும் முப்பது தாண்டுமுன்பே தலை நரைத்தது. தங்கைக்கும் அப்படியே. கொழும்பில் ஒரு சம்பந்தம் பேசிவந்தது. எங்கள் ஊர் தூரம் என்பதால் மருதானையில் இருக்கும் மாமி வீட்டில் பெண் பார்ப்பதென்று முடிவாயிற்று. அன்று காலை மாமிதான் என்னைச் சலூனுக்குத் துரத்தினார். "நானாட தலயப் பாத்துத்தான் தங்கச்சிட வயசக் கணக்குப் போடுவாங்க" என்றார். வாப்பா இல்லாத வீட்டில் பொறுப்பாளி நான். போனேன்.

மாப்பிள்ளைக்கு நாற்பத்து மூன்று வயது. தலையும் தாடியும் கன்னங்கரேல் என்றிருந்தன. காதோரம் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு தப்பியிருந்தது. ஒரே பெட்டிச் சரக்கைப் பூசிக்கொண்ட இருவர் எதிரெதிரே அமர்ந்து தேநீர் குடித்தோம். பெண்கள் உள்ளறைக்குள் போனார்கள். அங்கே மாப்பிள்ளையின் தாய் கேட்டாராம்: "மகள், முக்காட்ட ஒருக்கா எடுங்கொ, தல மயிரப் பாப்பம்." தங்கை எடுத்திருக்கிறாள்.

மூன்று நாள் கழித்துத் தரகர் வந்தார். பிள்ளை நல்ல பிள்ளையாம். குடும்பமும் நல்ல குடும்பமாம். தலைதான் நரைத்துவிட்டதாம். பேசிய சீதனத்தோடு இன்னும் ஐந்து இலட்சம் சேர்த்தால் யோசிக்கலாமாம். நரைக்கு விலை உண்டென்பதை நான் அன்றுதான் அறிந்தேன். அந்தக் கறுப்புத்தாடி மனிதருக்கு யாரும் விலை போடவில்லை என்பதையும் அன்றுதான் கவனித்தேன்.

இதிலே எனது குற்றமும் இருக்கிறது. அடுத்த சம்பந்தம் பேசிவந்தபோது பாமசியில் டை பக்கற்றை வாங்கிவந்து தங்கையின் கையில் கொடுத்தவன் நான்தான். மறுநாள் அவளது நெற்றி வீங்கியது. அதற்கு மறுநாள் கண்ணிமைகள் மூடிக்கொண்டன. தலைத்தோலில் கொப்புளங்கள். பல கறுப்பு டைகளில் பரா பினைலீன் டைஅமைன் என்ற இரசாயனம் இருப்பதையும், அது சிலரது உடம்புக்கு ஒவ்வாமல் போவதையும் ஆஸ்பத்திரியில் வைத்தியர் விளக்கினார். பூசுவதற்கு இரண்டு நாள் முன்பு காதுக்குப் பின்னே ஒரு துளி தடவிப் பார்க்கவேண்டுமாம். பெட்டியில் சிறிய எழுத்தில் எழுதியும் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கு வாசிப்புக் கற்பிக்கும் நான் அதை வாசிக்கவில்லை.

வீக்கம் வற்றிய பிறகு தங்கை சொன்னாள்: "இனி ஆரும் எண்ட தலயப் பாக்கணுமெண்டு வந்தா, அவங்கட மகன்ட தலயயும் கழுவிட்டு வரச் சொல்லுங்க நானா."

இந்த ஒரு வாக்கியத்துக்கு நமது சமூகத்திடம் என்ன பதில் இருக்கிறது?

"அழகை விரும்புவது மனித இயல்பு, கறுப்பு மயிர் இளமையின் அடையாளம், அதைத் தேடுவதில் என்ன பிழை?" என்று ஒரு பதில் வரும். இயல்பென்றால் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறாதிருக்க வேண்டும். மாறியிருக்கிறதே! 1931இல் வெளிவந்த 'பிளாட்டினம் புளொண்ட்' படத்தோடு ஜீன் ஹார்லோவின் வெளிறிய பொன்மயிரை அமெரிக்கப் பெண்கள் கொண்டாடினார்கள். 1956இல் கிளெய்ரோல் கம்பனி தொடங்கிய விளம்பரங்கள், மயிருக்குச் சாயம் பூசுவதைக் கூச்சத்துக்குரிய காரியமாயிருந்த நிலையிலிருந்து குடும்பப் பெண்களின் சாதாரணப் பழக்கமாக்கின. பொன்னிறம் அழகென்பது அங்கே திரையாலும் விளம்பரத்தாலும் ஊட்டி வளர்க்கப்பட்டது.

அதே நிறம் நம்மூரில் என்னவாக இருந்தது? வெயிலிலும் உப்புக்காற்றிலும் திரியும் பிள்ளையின் தலையை, எண்ணெய் காணாத தலையை, செம்பட்டை என்று ஏசினோம். கடும் புரதக் குறைபாடுள்ள பிள்ளைகளின் மயிரும் நிறம் வெளிறிச் செம்மை படரும். அது பசியின் நிறம். இன்று அந்த நிறத்தைக் காசு கொடுத்து வாங்க மருதானையில் வரிசையில் நிற்கிறார்கள். மயிருக்கென்று சொந்தமாக ஓர் அழகு இல்லை. யாருடைய தலையில் அது இருக்கிறது, அந்தத் தலைக்கு என்ன மதிப்பு என்பதைப் பொறுத்தே நமது கண் தீர்ப்புச் சொல்கிறது.

நரைக்கும் இதே கதைதான். இளம் அரசனால் வழக்கைத் தீர்க்க முடியுமா என்று முதியவர்கள் ஐயப்பட, கரிகாலன் என்று சொல்லப்படும் சோழன் நரைமுடி தரித்து வந்து நீதி சொன்னான் என்பது பழைய தமிழ்க் கதை. அன்று நரை ஒரு தகுதி. கலியாணத்திலிருந்து தப்பிக்க இளமையிலேயே முதுமையை வரமாகக் கேட்டு வாங்கினாள் ஔவை என்றும் ஒரு கதை உண்டு. அந்தத் தலையோடுதான் அவள் ஊரூராக நடந்தாள், அரசர்களோடு சரிக்குச் சரி கதைத்தாள். ஒரு பெண் தன் பாட்டில் வழிநடக்க நரை தேவைப்பட்டதென்பது கசப்பான உண்மைதான். ஆனாலும் அந்த நரைக்கு ஒரு மரியாதை இருந்தது.

இப்போது அந்த மரியாதை ஆணுக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. 2011இல் 'மங்காத்தா'வில் அஜித்குமார் நரைத்த தலையோடு கதாநாயகனாக வந்தார். அதற்கு 'சோல்ட் அண்ட் பெப்பர்' என்று பெயர் வைத்துத் திரையரங்குகளில் விசிலடித்தோம். அவருக்குச் சமமாக நரைத்த ஒரு கதாநாயகியை அந்தத் திரையில் தேடிப்பாருங்கள். நரைத்த பெண் திரைக்கு வந்தால் தாயாகவோ பாட்டியாகவோதான் வருகிறாள். ஆணுக்குக் கம்பீரம், பெண்ணுக்குக் கழிவுவிலை! இதுவா இயல்பு?

இனி, மார்க்கத்தைத் துணைக்கழைக்கும் நண்பர்களிடம் வருகிறேன். மக்கா வெற்றியின்போது அபூபக்கர் (ரழி) அவர்களின் தந்தை அபூகுஹாஃபா (ரழி) அவர்கள் தூய வெண்ணிறத் தலையோடும் தாடியோடும் அழைத்துவரப்பட்டதும், அந்த வெண்மையை மாற்றும்படியும் கறுப்பைத் தவிர்க்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. கறுப்பு விடயத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. அதை விரிக்க நான் ஆலிம் அல்ல. நான் கேட்பது வேறு. ஜும்ஆ மேடையில் இந்த ஹதீஸைக் கேட்டுவிட்டு வந்து தாடிக்கு மருதோன்றி பூசும் பெரியவரே தன் பேத்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் கறுப்பு டை வாங்கி அனுப்புகிறாரே, அது எந்த ஹதீஸின்படி? கதீஜா நாயகி (ரழி) அவர்களுக்கு நபியவர்களை மணக்கும்போது நாற்பது வயது என்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் எழுதியிருப்பதை மீலாத் மேடைகளில் சொல்லிக் கண்கலங்குகிறோம். மேடையை விட்டு இறங்கியதும் முப்பத்திரண்டு வயதுப் பெண்ணின் முக்காட்டை நீக்கி மயிர் எண்ணுகிறோம்!

இங்கேதான் நமது வழக்கம் மற்றவர்களுடையதைவிட மோசமாகிறது. பிற சமூகங்களில் பெண்ணின் தலை தெருவுக்குத் தெரியும். பார்த்தவர் பார்த்தபடி போவார். அந்நியர் எவரும் காணாதபடி நாம் மூடிவைக்கச் சொன்ன ஒன்றை, மாப்பிள்ளை வீட்டாருக்காக மட்டும் திறந்துகாட்டச் சொல்லி, குறை கண்டு, அதற்குத் தொகையும் குறிக்கிறோம். மூடும்போது அது கண்ணியம். திறக்கும்போது சரக்கா?

டை அடிப்பதை நான் எதிர்க்கவில்லை. விரும்பியவர் தம் உடம்புக்கு ஒத்துவந்தால் பூசட்டும். விரும்பாதவளைப் பூசவைப்பதையும், பூசாததற்குத் தண்டம் கேட்பதையுமே எதிர்க்கிறேன்.

இலக்கியக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நமது கதைகளில் நரைத்த பெண் எங்கே இருக்கிறாள்? தஸ்பீஹ் உருட்டுகிறாள், வெற்றிலை இடிக்கிறாள், கதை முடியுமுன் மவுத்தாகிறாள். காதலிக்கப்படுபவளுக்கெல்லாம் கார்முகில் கூந்தல். காப்பிய காலத்து முகிலை இன்னும் நாம் இறக்கிவைக்கவில்லை. உள்ளறையில் அந்தத் தாய் தேடிய கூந்தல், நாமும் சேர்ந்து எழுதிவைத்த கூந்தல்தான்.

புறநானூற்றில் பிசிராந்தையாரிடம், வயது இத்தனையாகியும் நரை இல்லையே எப்படி என்று கேட்கிறார்கள். மாண்புள்ள மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், தீங்கு செய்யாத அரசன், அடக்கமுள்ள சான்றோர் பலர் வாழும் ஊர் என்று அவர் காரணம் அடுக்குகிறார். நரை பெரும்பாலும் பரம்பரை என்கிறது இன்றைய மருத்துவம். ஆனாலும் புலவரின் கணக்கை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொள்வோம். அந்தக் கணக்கில், ஒருவர் நரைத்தால் விசாரணைக்கு வரவேண்டியது அவரது வீடும் அரசும் ஊரும்தான். என் தங்கையின் தலைக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் பக்கற் வாங்கிக் கொடுத்த நானும், தொகை குறித்த தரகரும், இதையெல்லாம் வழக்கமென்று பார்த்துக்கொண்டிருந்த ஊரும். அவள் அல்ல.

அதன் பிறகு நான் டை அடிப்பதில்லை. முதல் வாரம் பாடசாலையில் பிள்ளைகள் 'ஹாஜியார் சேர்' என்று கூப்பிட்டார்கள். பிறகு மறந்துபோனார்கள். ஓர் ஆணின் நரையை மறக்க ஊருக்கு ஒரு வாரம் போதும். தங்கை இன்னும் கலியாணம் முடிக்கவில்லை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். பெண் பார்க்க யாரும் வருவதாகச் சொன்னால், உள்ளறையில் முக்காடு நீக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்று முன்கூட்டியே தரகரிடம் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் அதைக் கேட்டு வராமலே நின்றுவிட்டார்கள். நிற்கட்டும். இதை வாசிக்கும் நானாமாரும் வாப்பாமாரும் தத்தம் வீட்டு வாசலில் இதையே சொல்லத் தொடங்கினால், எத்தனை பேர்தான் வராமல் நிற்பார்கள்?