ஒற்றை சிகரெட்டுக்கு முதலில் பூட்டு

கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தால் டீக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. சாயங்காலம் ஆனால் கல்லூரி மாணவர்களும், மறைமலை நகர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்தவர்களும் அங்கே தோளோடு தோள் நிற்கிறார்கள். பல கடைகளில் டீ கிளாஸ் ஒரு கையில், சிகரெட் மறு கையில். பாக்கெட்டிலிருந்து உருவிக் கொடுத்த ஒற்றை சிகரெட் அது. பற்றவைக்க, தூணில் நூல் கட்டித் தொங்கவிட்ட லைட்டர்.

அந்த லைட்டரே விதிமீறல்தான். அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2-ம் தேதி நடைமுறைக்கு வந்த விதிகள் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை விதித்தன. ஆஷ்டிரே, தீப்பெட்டி, லைட்டர் எதையும் அங்கே வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்லின. புகைபிடித்துப் பிடிபட்டால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். 2003-ம் ஆண்டின் மத்தியப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் குறித்த தொகை அது. விலைவாசி எங்கோ போய்விட்டது, அபராதம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இன்னும் வேதனையான கணக்கு ஒன்று உண்டு. 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு சிகரெட் விற்றாலும், பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள் கடை போட்டு விற்றாலும் இந்தச் சட்டத்தில் அதே 200 ரூபாய்தான். ஆனால் 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 77-வது பிரிவு, குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. ஒரு பள்ளிச் சிறுவனின் கையில் சிகரெட்டை வைத்தவரை 200 ரூபாய் ரசீதோடு அனுப்பிவிடுவது நியாயமே இல்லை.

வேப் எனப்படும் மின்சிகரெட் விஷயத்தில் சட்டம் கண்டிப்பாகவே பேசுகிறது. தமிழ்நாடு 2018-லேயே மின்சிகரெட்டைத் தடை செய்தது. மறு ஆண்டு மத்திய அரசு நாடு முழுவதற்கும் தடைச் சட்டம் கொண்டுவந்தது. தயாரித்தாலோ இறக்குமதி செய்தாலோ விற்றாலோ விளம்பரம் செய்தாலோ முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். சிக்கல் பொருளின் உருவத்தில் இருக்கிறது. பென் டிரைவ் மாதிரி, மார்க்கர் பேனா மாதிரி இருக்கும். உள்ளே பேட்டரி, நிக்கோட்டின் கலந்த திரவம், அதைச் சூடாக்கும் சிறு கம்பிச்சுருள். வெளியே வருவதோ மாம்பழம், புதினா வாசனை. பீடி நாற்றத்தை வாசலிலேயே பிடித்துவிடும் அம்மாக்கள்கூட இதில் ஏமாந்துபோகலாம்.

ஆக, புதிய சட்டம் எங்கே தேவை? ஒற்றை சிகரெட்டில்தான். 2016 ஏப்ரலிலிருந்து பாக்கெட்டின் இருபுறமும் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் அச்சிட வேண்டும். உதிரியாக வாங்குபவர் பாக்கெட்டைக் கையில் தொடுவதே இல்லை. முழு பாக்கெட் வாங்கப் பள்ளி மாணவனிடம் காசு இருக்காது. ஒன்று வாங்க இருக்கும். புதிதாக ஒருவர் பழகுவதற்கு இதைவிட அகலமான வாசல் கிடையாது.

மகாராஷ்டிரம் 2020-ல் உதிரி விற்பனையைத் தடை செய்தது. கர்நாடகம் 2003-ம் ஆண்டு மத்தியச் சட்டத்துக்கே மாநிலத் திருத்தம் கொண்டுவந்து, 2025-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றுவிட்டது. அங்கே இப்போது 21 வயதுக்குக் கீழே விற்க முடியாது, பொது இடத்தில் புகைத்தால் 1,000 ரூபாய் அபராதம். தமிழ்நாட்டுக்கும் இந்த வழி புதிதல்ல. ஹுக்கா பார்களை மூட 2022-ல் சட்டமன்றம் நிறைவேற்றியதும் இப்படியொரு திருத்தம்தான். ஹுக்கா பாருக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், டீக்கடைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்?

மாலத்தீவு இதையெல்லாம் தாண்டிப் போய்விட்டது. 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அங்கே புகையிலையே விற்கக் கூடாது. 2025 நவம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நியூசிலாந்தும் 2022-ல் இப்படி ஒரு சட்டம் இயற்றி, ஆட்சி மாறியதும் 2024-ல் ரத்து செய்தது. அவ்வளவு தூரம் போகச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை.

சிகரெட் இல்லாவிட்டால் டீயும் விற்காது என்று கடைக்காரர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. சிறு முதலீட்டில் குடும்பம் நடத்துகிறவர்கள் அவர்கள். ஆனால் புகையிலையால் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 13.5 லட்சம் பேர் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போகிறவர்களில் டீக்கடைக்காரரும் உண்டு, அவருடைய வாடிக்கையாளரும் உண்டு.

புகையிலை விற்க உள்ளாட்சி அமைப்பிடம் தனி உரிமம் வாங்க வேண்டும், அந்தக் கடையில் மிட்டாய், சிப்ஸ், குளிர்பானம் விற்கக் கூடாது என்ற யோசனையை மத்திய சுகாதார அமைச்சகம் 2017-லேயே மாநிலங்களுக்கு எழுதியது. சென்னைக்கு வெளியே வேகமாக வளரும் நந்திவரம்-கூடுவாஞ்சேரி நகராட்சி இதைத் தீர்மானமாகக் கொண்டுவரட்டும். பள்ளி வாசலிலிருந்து 100 கெஜம் அளந்து மஞ்சள் கோடு போட்டு, கோட்டுக்குள் இருக்கும் எந்தக் கடைக்கும் உரிமம் இல்லை என்று அறிவிக்கட்டும்.