வான்கோழி எந்தக் கோழி?

சென்ற கிழமை மூதுரை பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். மயிலைப் பார்த்துத் தானும் ஆடப் புகுந்த வான்கோழியைக் கூறும் வெண்பா. "அமெரிக்காவுக்குரிய பறவையை ஔவையார் எங்ஙனம் அறிந்தார், ஐயா?" என வினவினான் ஒரு மாணாக்கன். இருபத்தைந்து ஆண்டுகளாக, ஆங்கிலத்தில் 'டேர்க்கி' எனப்படுவதே அது என்று தயங்காது உரைத்துவந்த யான் வாய்மூடி நின்றேன்.

அவன் கூற்று மெய்யே. மெக்சிக்கோவில் வளர்க்கப்பட்ட அப்பறவையை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொணர்ந்தனர். ஆயின் அதன் ஆங்கிலப் பெயரோ துருக்கி நாட்டின் பெயர்! துருக்கியர் ஆட்சிப் புலங்களின் வழியாக வந்த ஆபிரிக்கக் கினிக்கோழிக்கு இடப்பட்டிருந்த பெயரைப் புதுப்பறவை கவர்ந்துகொண்டது என்பர் சொல்லாராய்ச்சியாளர். இன்று தோல்வியுற்ற நாடகத்துக்கும் அமெரிக்கர் அப்பெயரையே வழங்குவர். பறவை செய்த பிழை யாதோ!

துருக்கியர் அதனை 'ஹிந்தி' என்பர். பிரெஞ்சுப் பெயரும் இந்தியாவையே சுட்டும். போர்த்துக்கேயர் 'பெரு' என்றனர். ஒல்லாந்தரின் 'கல்கூன்' நமது கள்ளிக்கோட்டையின் பெயரிற் பிறந்தது; சிங்களத்தில் வழங்கும் 'களுகுமா' அவ்வொல்லாந்தச் சொல்லின் வழிவந்ததே. மெக்சிக்கோவை நினைத்தார் ஒருவருமிலர். 1758இல் லின்னேயசு இட்ட இலத்தீன் பெயரின் முற்பகுதி கினிக்கோழிக்குரிய கிரேக்கச் சொல். பிற்பகுதி கோழியையும் மயிலையும் இணைத்த தொடர். அதைக் கண்டு தனியே இருந்து சிரித்தேன்.

இதனாற் பெறப்படுவது யாது? பெயர் பழையதாகவும் பறவை புதியதாகவும் இருத்தல் கூடும். வான்கோழி என்ற பெயர் இன்று அமெரிக்கப் பறவைக்கு வழங்குதல் கொண்டு, மூதுரையை ஐரோப்பியர் வருகைக்குப் பிற்பட்டதாக்க முயல்வோர் இதனை உணர்தல் வேண்டும். நூலின் காலத்தை வேறு சான்றுகளால் ஆராய்க. இச்சொல் ஒன்று அதற்குப் போதாது. மயிலின் தோகைமுன் எடுபடாத சிறகுடையதொரு பறவை என்பதே வெண்பா வேண்டும் பொருள். அதற்கு மேலாக, தாடியும் தொங்குசதையும் உடைய அமெரிக்கப் பறவையைப் பாடநூல்களிற் படமாக வரைதல் உரையன்று, இடைச்செருகல் என்பேன். அவ்விடைச்செருகலை வாயாற் செய்தவருள் யானும் ஒருவன்.

மறுநாள் இவற்றை வகுப்பிற் கூறினேன். வினவிய மாணாக்கன் தன் கொப்பியில் அப்பறவையை முன்பே அழகாக வரைந்து வைத்திருந்தான். "அழிக்கட்டுமா, ஐயா?" என்றான். "வேண்டாம்; இக்காலத்து வான்கோழி என்று கீழே எழுது" என்றேன்.