குவாண்டம் பெயரைச் சொல்லி வைத்தியம் விக்கிறவங்களுக்கு

1/ ஜவ்வாது மலை வரைக்கும் வந்துடுச்சு 'குவாண்டம் அனலைசர்'. உலோகக் குச்சியைக் கையில் பிடிச்சா கல்லீரல், கிட்னி, சர்க்கரை எல்லாம் சொல்லிடுமாம். கேள்வி கேட்டா, "மனசுதான் உலகத்தை உருவாக்குதுன்னு குவாண்டம் இயற்பியல் நிரூபிச்சாச்சு, நோபலே குடுத்துட்டாங்க"ங்கிறாங்க. சுத்தப் பொய். ஏன்னு சொல்றேன்.

2/ அந்த நோபல் 2022ல அஸ்பே, கிளவுசர், ஸைலிங்கர் மூணு பேருக்கும் கிடைச்சது. 1964ல ஜான் பெல் போட்ட கணக்கு இது: துகளின் குணம் முன்னாடியே முடிவாகி இருக்கு, எந்தத் தாக்கமும் ஒளியை விட வேகமாப் போகாது. இந்த ரெண்டும் சேர்ந்து உண்மைன்னா, ஜோடித் துகள்களின் அளவீடுகள் ஒத்துப்போக ஒரு எல்லை உண்டு. 1972லேர்ந்து சோதனைகள் அந்த எல்லையைத் தாண்டிட்டே இருக்கு. ரெண்டையும் சேர்த்து இனி நம்ப முடியாது. அவ்வளவுதான் முடிவு.

3/ கோபன்ஹேகன், பல உலகங்கள், போம் ஆகிய மூணு விளக்கமும் இன்னும் உயிரோடதான் இருக்கு. இதுவரை செஞ்ச எந்தச் சோதனைக்கும் மூணும் ஒரே விடையைத்தான் சொல்லுது. ரெண்டு நோய்க்கும் ஒரே ரிசல்ட் காட்டுற ரத்தப் பரிசோதனையை வச்சு எந்த நோய்னு சொல்ல முடியுமா?

4/ வேற விடை சொல்ற கொள்கையைச் சோதிக்கலாம். ஈர்ப்பு விசையால குவாண்டம் நிலை தானாக் குலையுதுங்கிற டியோசி-பென்ரோஸ் கருத்து அப்படி ஒண்ணு. அது சரின்னா லேசான கதிர்வீச்சு வரணும். இத்தாலியில கிரான் சாஸோ மலைக்கு அடியில தேடினாங்க. 2020ல முடிவு வந்தது: அதன் எளிய வடிவம் தோத்துப்போச்சு. தோக்கத் தயாரா இருக்கிறதுதான் அறிவியல்.

5/ மனசுக்கு வருவோம். நம்ம காவலூர்ல 2.34 மீட்டர் தொலைநோக்கி தூரத்து ஒளியைப் பிடிக்குதில்ல? அதே மாதிரி லா பால்மா தீவுல ரெண்டு பெரிய தொலைநோக்கிகளை வச்சு ஒரு சோதனை. 2018ல வெளியானது. எதை அளக்கணும்னு முடிவு பண்ணது 780 கோடி, 1220 கோடி வருஷத்துக்கு முன்னாடி கிளம்பின குவாசார் ஒளி. யார் மனசும் தேர்ந்தெடுக்கலை. பெல் எல்லை அப்பவும் உடைஞ்சது.

6/ இந்த அனலைசர் ரிப்போர்ட்டை நம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்தினவரை நான் பார்த்திருக்கேன். காலில் ஆறாத புண்ணோட வந்தார்.

7/ விக்க வந்தா ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "என்ன ரிசல்ட் வந்தா உங்க மெஷின் தப்புன்னு ஒத்துக்குவீங்க?" பதில் வராது. ஆரம்ப சுகாதார நிலையத்துல சர்க்கரை டெஸ்ட் இலவசம். அங்க போங்க.