கல்லுக்கு ஊர் பேர் இல்லையா சார்?

கோயில் ஊருக்கு மியூசியம் எதுக்குன்னு திருவண்ணாமலைக்காரங்களே கேக்கும்போதுதான் கடுப்பாகுது மக்களே. கோயில் இருக்கு, மலை இருக்கு, பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் நடக்க லட்சக்கணக்குல ஜனம் வருது, வேற என்ன வேணுமாம்!

சரி, மேட்டருக்கு வர்றேன். போன மாசம் ஒரு அரசு அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர்னு சொல்ல மாட்டேன், சொன்னா அங்க இருக்குற நல்ல மனுஷர் ஒருத்தருக்குத்தான் திட்டு விழும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு கருப்புப் பாறைத்துண்டு. பக்கத்துல அட்டை: 'இரும்புத் தாது'. அவ்வளவுதான். எந்த மலை, எந்த தாலுகா? மூச்! அடுத்த பெட்டியில 'பழங்கால நாணயங்கள்'. அதுக்கடுத்து பஞ்சு பிதுங்குன ஒரு நரி. நரி பரவாயில்லை, பாத்தாலே நரின்னு தெரியுது.

இதுக்கா இந்தக் குதி குதிக்கிறேன்னு கேப்பீங்க. அந்த இரும்புத் தாதுவையே எடுத்துக்குங்க. திருவண்ணாமலை பக்கத்துல கவுத்திமலை, வேடியப்பன் மலை ரெண்டுலயும் இருக்குறது மேக்னடைட். காந்தம் வெச்சா ஒட்டும். 2000-களில் டிட்கோவும் ஜிண்டால் குழுமமும் கூட்டா 325 ஹெக்டேர் காட்டுல சுரங்கம் வெட்டக் கிளம்பினாங்க. சுத்துப்பட்டு ஊர் ஜனம் எதிர்த்து நின்னுச்சு, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. வெட்டலாமா வேணாமான்னு ஊர் பேசணும்னா மலைக்குள்ள என்ன, மலைமேல என்னன்னு ஊருக்குத் தெரியணுமா இல்லையா? 'இரும்புத் தாது'ன்னு ஒரு அட்டை அதைச் சொல்லிடுமா?

வேடியப்பன் யாருன்னு நினைக்கிறீங்க? அந்தப் பக்கம் நடுகல்லை வேடியப்பன்னுதான் கும்பிடுவாங்க. மாடு மீட்கப் போய்ச் செத்தவன் ஊருக்குக் காவல்சாமி ஆயிட்டான். 1972-ல் நாகசாமியைப் பதிப்பாசிரியராக் கொண்டு தமிழ்நாடு தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்'னு புத்தகமே போட்டுது. அதே செங்கம் பக்கத்து ஆண்டிப்பட்டியில (தேனி ஆண்டிப்பட்டி இல்ல சாமி) ஈயக் காசுகள் கிடைச்சுது. அதுல சேந்தன்னு ஒருத்தன் பேர் தமிழ்ல பொறிச்சிருக்கு. இரும்பு உருக 1538 டிகிரி வேணும், ஈயத்துக்கு 327 போதும், விறகடுப்புல வெச்சாலே உருகிடும். பள்ளிக்கூடப் பசங்க முன்னாடி, ஒரு வாத்தியார் மேற்பார்வையில, களிமண் அச்சுல ஒரு காசு வார்த்துக் காட்டுங்களேன், அந்தப் புள்ள ஜென்மத்துக்கும் மறக்காது.

கல்லை யார் பாப்பான்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு. சென்னை அருங்காட்சியகம் 1851-ல் ஆரம்பிச்சதே சுமார் 1100 கல், தாது மாதிரிகளை வெச்சுதான். சிலையும் செப்பேடும் பின்னாடி வந்து சேர்ந்ததுங்க.

அரிய பொருள்னா தலைநகர்ல இருந்தாத்தான் பாதுகாப்புன்னு நண்பர் ஒருத்தர் வாதம் பண்றார். இருக்கட்டுமே, காசை யாரும் திருப்பிக் கேக்கல. நகல் போதும். கவுத்திமலைக் கல்லுக்கு நகல்கூட வேணாம், ரோட்டோரம் கிடக்கு. நான் கேக்குறது நாலே நாலு வரி: எந்த மலை, எந்த ஊர், எந்த வருஷம் கிடைச்சுது, யார் கொடுத்தா. எழுத ஆள் இல்லைன்னா சொல்லுங்கய்யா, ஞாயித்துக்கிழமை நான் சும்மாதான் இருக்கேன்.