காணிக்கைக்குக் கணக்கு

கந்தப்பளை மலைச்சரிவுகளிலே பனியில் நனைந்து கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் குறைந்தபட்ச நாட்கூலி 2021 ஆம் ஆண்டில் 1,000 ரூபாய். 2024 ஆம் ஆண்டில் 1,350 ரூபாய். அவ்வுயர்வைப் பெறத் தொழிலாளர் எத்தனை காலம் குரல் கொடுத்தனர் என்பதை யாவரும் அறிவர். அந்தக் கூலியில் ஒரு பங்கு ஞாயிறுதோறும் ஆலயத்துக் காணிக்கைத் தட்டில் விழுகின்றது. அதை எண்ணுவோர் யார், வைத்திருப்போர் யார், செலவிடுவோர் யார் என்று கேட்பது பக்திக் குறைவாகுமா? ஆகாது என்பதே எமது துணிபு.

குருவானவர் நல்லவர், அவரை ஐயுறுவது பாவம் என்பர் சிலர். அவர் நல்லவரா அல்லரா என்பதன்று இங்கு வினா. எருசலேமின் ஏழைகளுக்கெனத் திரட்டிய நிதியைத் தூய பவுல் தனியே சுமந்து செல்லவில்லை. திருச்சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் துணை சேர்த்துக் கொண்டார். பெருந்தொகையைக் கையாளுகையில் எவரும் குறைகூற இடமிருத்தலாகாது என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் காரணமும் காட்டினார். பவுலுக்கே துணை வேண்டியிருந்ததாயின் நம்மவர்க்கு வேண்டாமோ?

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் இதையே விதிக்கின்றது. பங்குதோறும் நிதிக்குழு இருத்தல் வேண்டும். ஒரு நோக்கத்துக்கென அளித்த பணம் அந்நோக்கத்துக்கே செல்ல வேண்டும். மக்கள் அளித்தவற்றுக்கு மக்களுக்கே கணக்குக் காட்ட வேண்டும். ஏட்டிலுள்ள இவ்விதிகளை லயத்து மக்களுக்கு எடுத்துச் சொன்னோர் எத்தனை பேர்?

விதியிருந்தும் தவறு நேரும் என்பதற்கு உரோமாபுரியே சான்று. வத்திக்கான் செயலகத்தில் உயர்பதவி வகித்த கர்தினால் ஆஞ்சலோ பெச்சுவுக்கு, 2023 டிசம்பர் 16 இல் வத்திக்கான் நீதிமன்றம் நிதிக் கையாடலுக்காக ஐந்தரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இலண்டன் கட்டடமொன்றோடு தொடர்புடைய முதலீட்டு நிதியில் திருச்சபைப் பணம் ஏறக்குறைய 20 கோடி டொலர் இடப்பட்டது ஒரு குற்றச்சாட்டு. எமது கருத்தைக் கவர்வது அதனினும் சிறிய மற்றொன்று. சார்டினியாவில் அவருடைய சகோதரர் நடத்திய தொண்டுக் கூட்டுறவுக்கு 1,25,000 யூரோ சென்றது. அது ஏழைகளுக்கு வேலை தரும் நற்பணிக்கே என்றார் கர்தினால். தாம் குற்றமற்றவரெனக் கூறி மேன்முறையீடும் செய்தார். முடிவு எதுவாயினும் ஆகுக. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே குடும்பத்தாராயின், அம்முடிவை வேறொருவரிடம் விட்டிருத்தல் வேண்டாமா? ஆலயக் கூரை வேலையை மைத்துனருக்குக் கொடுக்கும் சிற்றூர்ப் போதகருக்கும் இதே வினா பொருந்தும்.

மலையகத்தில் இதற்கொரு வரலாறும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தோட்டத் தமிழருக்கென எழுந்த ஆங்கிலிக்க மிஷனுக்குத் தோட்டத் துரைமாரும் பணம் உதவினர். இன்றோ கொடுப்பவள் கொழுந்து பறிப்பவள். சந்தாப் பணத்துக்குத் தொழிற்சங்கத்தைக் கேள்வி கேட்கத் துணிந்தவள், ஆலயப் படியில் மட்டும் வாய் மூடுவதேன்? (இவ்வளவுகோல் கோயில் திருவிழா வசூலுக்கும் உரியதே. அரசியற் கட்சிகளுக்கும் என வாசகர் முணுமுணுப்பின், அதையும் மறுக்கோம்.)

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபின் சமய நிறுவனங்கள் வாயிலாகவும் உதவி வந்தது. வீடிழந்தோர்க்கென வந்த பணம் மணிக்கூண்டுக்குப் போகலாகாது. மீண்டும் தருவோம் என்ற எண்ணத்தோடு கடனாகக்கூட எடுத்தலாகாது. போதகரின் சொந்த வங்கிக் கணக்கில் சபைப் பணம் ஒரு நாளும் தங்கலாகாது. வீட்டு முன்றிலில் தொடங்கி வளர்ந்த சிறு சபைகளில் காணியே போதகர் பெயரில் இருப்பதுண்டு. அவர் மறைந்தால் அது எவருக்கு? போதகருக்கும் வயிறுண்டு, பிள்ளைகளுண்டு. அவருக்குரிய ஊதியத்தைச் சபையே நிர்ணயித்து வெளிப்படையாக வழங்கட்டும். தட்டிலிருந்து தாமே எடுத்துக்கொள்ளும் நிலைக்கு அவரைத் தள்ளுவது சபையின் குற்றம்.

காணிக்கையை இருவரேனும் கூடி எண்ணட்டும். காசோலையில் குருவின் கையொப்பத்தோடு பொதுநிலையினர் ஒருவரின் கையொப்பமும் இருக்கட்டும். கடந்த ஆண்டின் வரவு செலவைக் கந்தப்பளையின் ஒவ்வோர் ஆலயக் கதவிலும் தமிழில் ஒட்டுக. எழுத்தறியாதார்க்கு வழிபாட்டின் முடிவில் குருவல்லாத ஒருவர் வாசித்துக் காட்டுக.