பிம்பிரி கேம்ப்பும் மண்டபம் முகாமும்

புனேயில் 'கேம்ப்' என்றால் எம்.ஜி. சாலையும் அதன் துணிக்கடைகளும் பேக்கரிகளும்தான் நினைவுக்கு வரும். இராணுவக் குடியிருப்பிலிருந்து வந்த பெயர் அது. நகரின் மறுகோடியிலுள்ள பிம்பிரி கேம்ப்பின் பிறப்பு வேறு. பிரிவினையில் சிந்துவிலிருந்து ஓடிவந்தவர்கள் தங்கவைக்கப்பட்ட இடம். இன்று அதுவும் கடைத்தெரு. பெயரில் கேம்ப் எஞ்சியிருக்கிறது, அகதி எவருமில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை தலைகீழ். 2021 ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. உள்ளே வாழும் ஏறத்தாழ 58,000 பேரின் சட்டநிலை மாறவில்லை. மாநில அரசின் கைக்கு எட்டியவை பெயரும் புதுவீடுகளும் உதவித்தொகையும். குடியுரிமை ஒன்றிய அரசின் அதிகாரம். அதன் ஏடுகளில் இவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்'.

பன்னாட்டு உறவுத் துறைக் கருத்தரங்குகளில் இம்மக்கள் 'இந்திய–இலங்கை உறவு' என்னும் தலைப்பின்கீழ் ஓர் அடிக்குறிப்பாக வந்துபோகிறார்கள். தாயகம் திரும்புதல், தஞ்சம் தந்த நாட்டிலேயே வேரூன்றல், மூன்றாம் நாட்டில் குடியேறல் என நிலையான தீர்வுகள் மூன்றும் ஒப்பிக்கப்படுகின்றன. பிறகு பேச்சு முதலாவதிலேயே நின்றுவிடும். இரு அரசுகளும் பேசிவருகின்றன என்று கட்டுரை முடியும். இரண்டாவது தீர்வுக்குக் கொழும்பின் சம்மதம் எதற்கு? பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த முஸ்லிமல்லாதோருக்கு 2019-இல் வழி திறந்தபோது இந்தியா அந்த மூன்று அரசுகளோடும் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை. நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதுமாக இருந்தது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. இதைச் சொல்லாமல் இராஜதந்திரத்தைப் பற்றி மட்டும் எழுதும் ஆய்வாளர், அரசு கேட்காமலேயே அரசுக்கு ஒரு சாக்கை எழுதித் தருகிறார்.

இராஜதந்திரம் இம்மக்களுக்கு ஏற்கெனவே ஒரு 'தீர்வை' வழங்கியிருக்கிறது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் 9,75,000 மலையகத் தமிழரைப் பங்கிட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். அம்மக்களின் பிரதிநிதி எவரும் அதில் ஒப்பமிடவில்லை. கணக்குத் தீரும் முன்பே 1984-இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. 1977, 1983 வன்முறைகளில் தோட்டங்களைவிட்டு வடக்கே வவுனியா பக்கம் ஓடி, அங்கிருந்து போருக்குத் தப்பிப் படகேறியவர்கள் இன்றைய முகாம்களில் கணிசமானோர். பழைய தீர்வின் மிச்சமே இன்றைய சிக்கலின் ஒரு பகுதி.

சிந்திகள் பிரிபடாத இந்தியாவின் மக்கள், ஈழத்தவர் அயல்நாட்டவர், இரண்டையும் ஒப்பிடலாகாது என்பார்கள். நியாயமான தடைதான். யாழ்ப்பாணத்தவருக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் மலையகத்தாரின் முன்னோர் திருச்சி, மதுரை, சேலம் மாவட்டங்களிலிருந்து சென்னை மாகாணத்தின் குடிகளாகவே கப்பலேறினார்கள். மண்டபம் முகாமே அன்று இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித்தொழிலாளரை நிறுத்திவைத்து நோய்ச்சோதனை செய்த இடம். பாட்டன் புறப்பட்ட வாசலிலேயே பேரன் அயலானாகப் பதிவு செய்யப்பட்டான். சிந்திகளுக்கோ அரசியலமைப்பின் ஆறாம் உறுப்பு, அவர்கள் வந்துகொண்டிருந்த காலத்திலேயே எழுதப்பட்டது.

புனேயிலிருந்து தெற்கே, கோலாப்பூரை அடுத்த வளிவடேயில், இரண்டாம் உலகப்போரின்போது ஏறத்தாழ 5,000 போலந்து அகதிகள் வாழ்ந்தார்கள். போருக்குப் பின் எல்லை நகர்ந்து அவர்களில் பெரும்பாலோரின் ஊர்கள் சோவியத்து ஒன்றியத்துக்குள் போய்விட, பலர் பிரிட்டன் முதலிய நாடுகளில் குடியேறினர். 2024 ஆகஸ்டில் வார்சாவிலுள்ள கோலாப்பூர் நினைவிடத்தில் இந்தியப் பிரதமர் மலரஞ்சலி செலுத்தினார். அகதிக்கு இடம் கொடுத்ததை இந்தியா வெளிநாட்டில் பெருமையாகப் பேச அறியும் என்பதற்கு அது சான்று. அடுத்த மே மாதம், ஓர் இலங்கைத் தமிழரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, இந்தியா என்ன தர்மசாலையா என்று கேட்டது.

திரும்பிப் போக விரும்புவோர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இராஜதந்திரம் உழைக்க வேண்டும். அங்கும் அதன் இலட்சணம் தெரிந்ததே. அதே மே மாத இறுதியில், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் தமிழகத்திலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். பல ஆண்டுகளுக்கு முன் உரிய ஆவணமின்றி நாட்டைவிட்டுப் போனது குற்றமாம். போரில் படகேறியவன் எந்தக் குடிவரவு அலுவலரிடம் முத்திரை பெற்றிருப்பான்?

2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து இந்தியா விலக்கு அளித்தது. வரவேற்கத்தக்கதே, குடியுரிமை அதனால் கிடைத்துவிடாது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன் என்பது சட்டம். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், அந்த விதியைக் காட்டி 2022-இல் நீதிமன்ற ஆணை பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1987 ஆகஸ்டில் அதே முகாமில் அகதிப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தைக்கு அந்த விதி இல்லை. அக்குழந்தைக்கு இப்போது நாற்பது வயது நெருங்குகிறது.