மலையேறிய கேள்வி

பாலக்காட்டுப் பக்கமோ இடுக்கிப் பக்கமோ கார் பிரியர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினால், முதல் மரியாதை ஜீப்புக்குத்தான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லிலும் குழியிலும் ஏறி இறங்கும் வண்டி அது. அந்த வரிசையில் ஒருவர் சத்தமே இல்லாமல் மின்சாரக் காரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறம், விலை, வேகம் எல்லாம் அப்புறம். முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "மலை ஏறுமா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்தியாவின் முதல் மின்சாரக் கார் என்று சொல்லப்படும் 'லவ்பேர்ட்' இந்தக் கேள்வியில்தான் தோற்றிருக்கும். அது வெளியூர்ச் சரக்கும் அல்ல. இரு மாவட்டங்களுக்கும் நடுவில், திருச்சூர் மாவட்டத்துச் சாலக்குடியில் எம்.டி. ஜோஸின் 'எட்டி' நிறுவனம் ஜப்பானின் யாஸ்காவாவுடன் சேர்ந்து உருவாக்கியது. 1993இல் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டப்பட்டது. சாலக்குடியிலும் கோவையிலும் தயாரிக்கப்பட்டது. இருவர் உட்காரலாம். எட்டு மணி நேரம் சார்ஜ் செய்தால் 60 கிமீ ஓடும்.

சமவெளிக்கு இது போதும். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த இடம். சுமார் 30 கிமீ அகலம். வாளையார் வழியாகக் கோவைக்குப் போகிறவர் மலையேறுகிறோம் என்றே உணரமாட்டார். ஆனால் தெற்கே இடுக்கியில் கதை வேறு. கோதமங்கலத்திலிருந்து மூணாறு 80 கிமீ, அதுவும் ஏற்றம். லவ்பேர்ட் பாதி மலையில் நின்றிருக்கும்.

குற்றம் மோட்டாரில் இல்லை, பேட்டரியில். ஈய-அமில பேட்டரியில் பத்து யூனிட் மின்சாரத்தைச் சேமிக்க ஏறக்குறைய 300 கிலோ எடை வேண்டும். வண்டி தன் பேட்டரியைச் சுமக்கவே பேட்டரியைச் செலவழிக்கும். இத்தனைக்கும் மாற்று வந்திருந்தது: லித்தியம்-அயனி பேட்டரியை சோனி 1991லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. அது கேமராவுக்கும் செல்போனுக்கும் போனது. காருக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் அரசு மானியம் நின்று, லவ்பேர்டின் விற்பனை நூறைத் தொடாமலே முடிந்தது. அந்த பேட்டரிக்கு அடித்தளமிட்ட மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று கணக்கு மாறியிருக்கிறது. 1,500 கிலோ எடையுள்ள காரைக் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரமுள்ள மூணாறுக்குத் தூக்க, இயற்பியல் கேட்கும் விலை ஆறு யூனிட். இழப்பையும் சேர்த்தால் ஏழு. 80 கிமீ சாலைக்குப் பன்னிரண்டு. மொத்தம் பத்தொன்பது. நடுத்தரக் காரிலேயே 30 யூனிட் பேட்டரி இருக்கிறது. ஆக, ஏறும்; ஏறிய பிறகும் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்.

இறங்கும்போதுதான் வேடிக்கை. டீசல் ஜீப் ஏற்றத்தில் எரித்த எண்ணெயை இறக்கம் திருப்பித் தராது; பிரேக் சூடாவதுதான் மிச்சம். மின்காரில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஏறச் செலவான மின்சாரத்தில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பும். ஒரு நிபந்தனை: பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். மூணாறு விடுதியில் இரவெல்லாம் செருகிவைத்து, நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு காலையில் இறங்குகிறவருக்கு அந்த வரவு கிடையாது. எண்பதோடு நிறுத்துகிறவரே கெட்டிக்காரர்.

உயரத்திலிருந்து இறங்கி மின்சாரம் தருவது இடுக்கிக்குப் புதிதும் அல்ல. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டமான பள்ளிவாசல் 1940இல் மூணாறுக்கு அருகில்தான் தொடங்கியது. 1976இல் வந்த இடுக்கித் திட்டம் 780 மெகாவாட். தண்ணீர் செய்வதைத்தான் கார் சின்ன அளவில் செய்கிறது.

ஆனால், இடுக்கித் தண்ணீரில் கேரளக் கார்கள் எல்லாம் ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த மாநிலம் தன் மின்தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. எல்லோரும் வீடு திரும்பி விளக்கும் விசிறியும் ஏசியும் போடும் இரவு நேரத்தில்தான் தேவை உச்சத்தைத் தொடுகிறது. அதே நேரத்தில் காரையும் செருகினால் சுமை கூடும். வெயிலில் சூரிய மின்சாரம் மலிவாக இருக்கும் பகலில் சார்ஜ் செய்வதே வீட்டுக்கும் நாட்டுக்கும் நல்லது.

காரைக் காட்டுகிறவர் இதையெல்லாம் மறைக்காமல் சொல்லலாம். கொழுக்குமலைப் பாதைக்கு இன்றும் ஜீப்தான். விடுமுறை நாளில் மலையூர் சார்ஜிங் நிலையத்தில் முன்னால் இரண்டு கார் நின்றால் மதியச் சாப்பாடு அங்கேதான். ஆனால் தார்ச் சாலை போகும் இடமெல்லாம் இந்தக் காரும் போகும். மின்கார் மலை ஏறாது என்ற காலம் மலையேறிவிட்டது.